அலுவல் இல்லாத நடை

(உரும்பிராயில் சனசமூக நிலையமொன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குச் 'சுற்றுலாவின் பயன்கள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். பயன்களைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. நடையின் பயனைச் சீனி வருத்தக்காரருக்கு டொக்டர் சொல்லியிருப்பார். பிறஷர்காரருக்கு வீட்டுக்காரி சொல்லியிருப்பா. நான் ஒரு விண்ணப்பத்தோடு வந்திருக்கிறேன். இந்த நிலையம் ஆண்டுக்கு ஒருமுறை வான் பிடித்து ஒருநாட் சுற்றுலா போகிறது. அது நன்றாக நடக்கட்டும். அதோடு மாதத்துக்கு ஒரு ஞாயிறு விடிய, சந்தியில் கூடி, கூட்டமாக எங்காவது நடந்துவிட்டு வாருங்கள். இவ்வளவுதான் விண்ணப்பம். இதைக் கேட்க ஒரு வசனம் போதும். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் கேட்டால், பென்சன் எடுத்த வாத்தியாருக்குப் பொழுது போகவில்லை என்பீர்கள்.

நம்மூரில் ஒருவர் காலை ஆறு மணிக்குப் பலாலி வீதியால் ஊரெழுப் பக்கமாக நடந்து போகிறார் என்று வையுங்கள். எதிரே வருகிறவர் சைக்கிளை மெதுவாக்கி, "என்ன, சைக்கிள் பழுதோ?" என்பார். இல்லையென்றால், "கோயிலுக்கோ?" அதுவும் இல்லையென்றால், "ஆரும் ஆஸ்பத்திரியிலோ?" மூன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினால் அவருடைய முகத்தில் கவலை வந்துவிடும். நடைக்கு ஓர் அலுவல் இருக்கவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். தனி ஆளுக்கே இப்படியென்றால், இருபது பேர் கூட்டமாக நடந்தால் ஊர் என்ன நினைக்கும்? செத்த வீடு என்று நினைக்கும். அல்லது ஊர்வலம்.

அந்தச் சைக்கிள்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய கேள்விக்குப் பின்னால் ஏழெட்டுத் தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. இந்த மண்ணில் கால் எப்போதும் ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் நடந்திருக்கிறது.

முதலாவது, தண்ணீருக்காக. நம்முடைய குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக் கல், மேலே வலிகாமத்துச் செம்பாடு, கல்லின் வெடிப்புகளுக்குள் மழைநீர். அதை மேலே கொண்டுவந்தது துலா. இங்கே இருக்கும் இளம்பிள்ளைகள் துலாவைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கிணற்றடியில் பட்டை பிடிப்பார். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி, முன்னும் பின்னுமாக நடப்பார்கள். இன்னொருவர் வாய்க்காலில் பாத்தி மாறுவார். புகையிலை, வெங்காயம், மரவள்ளி, மிளகாய் எல்லாம் அந்த நடையில்தான் விளைந்தன. விடியக் கருக்கலில் தொடங்கி வெயில் ஏறும்வரை துலா மிதித்த மனிதரிடம் போய், "பின்னேரம் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வருவமோ?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை இந்தச் சபையில் சொல்ல முடியாது. மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்பு வந்த பிறகே தோட்டக்காரரின் கால் ஓய்ந்தது.

இரண்டாவது, நேர்த்திக்காக. இதில்தான் நமக்குச் சுற்றுலாவின் ஆதி வடிவம் கிடைக்கிறது. பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் பன்றித்தலைச்சி கண்ணகை அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய், அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கி, மட்டுவில் கத்தரிக்காயில் கறி வைத்து, மரநிழலில் சாப்பிட்டுவிட்டுப் பொழுதுபட வீடு திரும்புகிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அம்மனுக்கு நேர்த்தி, பிள்ளைகளுக்கு அது முழுநாட் கொண்டாட்டம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, ஆவணியில் செல்வச்சந்நிதி, புரட்டாதியில் வல்லிபுரத்து மணலும் கடல் தீர்த்தமும் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கோயிலைச் சாட்டாக வைத்துத்தான் நம் ஆச்சிமார் வெளியுலகம் பார்த்தார்கள். சாட்டு என்று சொல்வது பக்தியைக் குறைத்துப் பேசுவதாகாது. வேறு எந்தச் சாட்டும் அவர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை என்பதையே சொல்கிறேன்.

கூட்டமாக நடப்பதில் நம்மவரின் பெரும் சாதனை கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தைமலை என்று கீழ்க்கரை முழுவதையும் காலால் அளந்து, கடைசியில் குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் சேருகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதம். போர் அந்தப் பாதையை அறுத்தது. கிழக்கில் 1988இல் சிறு குழுவாக மீண்டும் தொடங்கினார்கள். வடக்கிலிருந்து போவதற்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த யாத்திரையில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. கூட நடக்கிற எவரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன உத்தியோகம், எந்தக் குறிச்சி, எவருடைய மகன் என்ற விசாரணை எதுவுமில்லை. ஊருக்குள் இருக்கும்போது மூன்று வசனத்துக்குள் இந்த விசாரணையை முடித்துவிடுகிற நாம், காட்டுவழியில் அதை மறந்துவிடுகிறோம்.

இப்படி நடந்தவர்களுக்காகவே நம் முன்னோர் தெருவோரத்தில் சுமைதாங்கி கட்டினார்கள், மடம் கட்டினார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடம் நிற்கிறது. வீதியே மடத்துக்குள்ளால் போகிறது. வழிப்போக்கன் விலகிப்போய் இளைப்பாற வேண்டியதில்லை. நடக்கிற வழியே நிழலாகிவிடுகிறது. இன்றைக்குப் பலாலி வீதியில் நிழலுக்கு ஒதுங்குவதென்றால் கடை ஒன்றில் ஏதாவது வாங்கவேண்டும்.

மூன்றாவது, உரிமைக்காக. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் ஒழுங்குசெய்தது. சுன்னாகத்திலேயே பொலிஸ் தடியடி நடத்தியது. அடிபட்டவர்கள் மறுபடி அணிசேர்ந்து யாழ்ப்பாணம்வரை நடந்து போய் முற்றவெளியில் கூட்டமும் வைத்தார்கள். தேநீர்க் கடைக்குள் இருந்து தேத்தண்ணி குடிப்பதற்கும், கோயிலுக்குள் நின்று கும்பிடுவதற்கும் ஆட்கள் நடக்கவேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் என்ன நடந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நான் ஏன் இதைச் சுற்றுலாப் பேச்சில் எடுக்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். 'ஊர் கூடிப் போகிறோம்' என்று சொல்லும்போது அந்த ஊருக்குள் எவரெவர் அடங்குகிறார் என்பது வானின் இருக்கைப் பட்டியலில் தெரிந்துவிடும். பட்டியலை நான் கேட்கவில்லை. நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான்காவதைச் சொல்லாமல் வலிகாமத்தில் நின்று நடையைப் பற்றிப் பேச முடியாது. 1995 ஒக்ரோபர் 30. வெளியேறச் சொல்லி ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி அறிவித்தது. பின்னேரத்தோடு வலிகாமமே வெளிக்கிட்டது. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் இலட்சக்கணக்கான சனத்தை ஓர் இரவுக்குள் தாங்கவேண்டி வந்தது. மழை. சைக்கிளில் மூட்டை, மூட்டைக்கு மேல் பிள்ளை, கையில் கிழவியின் கை. நடந்தார்கள் என்று சொல்வதுகூடப் பிழை. நின்று நின்று ஊர்ந்து போனார்கள். பங்குனித் திங்களுக்குப் பொங்கற்பானையோடு போன அதே தென்மராட்சிக்கு, அதே கைதடி, மட்டுவில், சாவகச்சேரிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். 1996 ஏப்ரலில் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்களில் சிலருக்குக் கூட்டமாக நடப்பது என்றாலே அந்த இரவுதான் நினைவு வரும். "நடந்தது போதும்" என்று என்னிடம் ஓர் அக்கா சொன்னா. அவவோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறைக்கிறது. வேலை, நேர்த்தி, போராட்டம், இடப்பெயர்வு. கூட்டமாக நடந்த ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கட்டாயம் நம்மை நடத்தியிருக்கிறது. சந்தோசத்துக்காக, ஒரு பலனும் எதிர்பாராமல், தன் ஊரைத் தான் பார்ப்பதற்காக மட்டும் கூட்டமாக நடந்த வரலாறு நமக்கு இல்லை. இப்போதைய நடைபவனிகளும் அப்படித்தான். பாடசாலைக்கு நூற்றாண்டு என்றால் நடைபவனி. நோய் விழிப்புணர்வு என்றால் நடைபவனி. கனடாவில் நம்மவர்கள் ஆண்டுதோறும் நிதிசேர் நடைபவனி நடத்துகிறார்கள். நல்ல காரியம், கை தட்டவேண்டியது. அங்கேயும் நடைக்கு ஒரு பற்றுச்சீட்டு வேண்டியிருக்கிறது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். உரும்பிராய்ச் சந்தியில் நின்று வடக்கே பாருங்கள். ஊரெழு, புன்னாலைக்கட்டுவன், வசாவிளான், அதற்கப்பால் பலாலி. அந்த வீதிக்குப் பெயரே பலாலி வீதி. ஆனால் 1990க்குப் பிறகு பிறந்த பிள்ளை ஒன்று 2025வரை இந்த வீதியால் நினைத்தபடி பலாலிக்குப் போனது கிடையாது. வசாவிளானுக்கு அப்பால் உயர் பாதுகாப்பு வலயம். 2025 ஏப்ரல் 10ஆம் திகதி, ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, அந்தத் துண்டு வீதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. நல்ல செய்தி. திறந்த அன்றைக்கு வைத்த விதிகளை வாசித்தீர்களா? காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை மட்டும். இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வேகம் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. இவற்றோடு இன்னொன்று: நடந்து போவது முற்றாகத் தடை.

பஸ்ஸில் போகலாம், நடக்கக் கூடாது. இந்த ஒரு விதியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாகனத்தில் போகிறவன் ஓர் இடத்தைக் கடக்கிறான். அவனால் பெரிய தொந்தரவு இல்லை. நடக்கிறவன் நின்று பார்ப்பான். இது இன்னாருடைய காணி, இந்தக் கிணற்றடியில் ஒரு பிலா நின்றது, இந்த மதில் இப்போது எங்கே என்று கேட்பான். நடக்கிறவனுடைய கண்ணுக்குக் காணி தெரியும் என்பது, நடையைத் தடைசெய்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. விதிகள் நாளடைவில் தளரும், தளரவேண்டும். அதற்கு மனு எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் கேட்பது, தடையில்லாத மிச்ச வீதியிலாவது நாம் நடக்கிறோமா என்பது.

இந்த இடத்தில் இங்கிலாந்துக் கதை ஒன்று சொல்லவேண்டும். மான்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டுநிலம். புல்லும் சேறும் காற்றும்தான். பெரிய அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். கிழமை முழுவதும் ஆலைப் புகையில் வேலை செய்த தொழிலாளப் பெடியள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் காவற்காரர் துரத்துவார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி ஏறக்குறைய நானூறு பேர், துரத்தினால் துரத்தட்டும் என்று கூட்டமாக மேலே ஏறினார்கள். முன்னுக்கு நின்றவர் பென்னி ரொத்மன், வயது இருபது. கைகலப்பில் ஒரு காவற்காரருக்குக் காயம். ஐந்து பேருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை சிறை. தண்டனையைக் கேட்டு ஊர் கொதித்தது. முன்பு அவர்களைக் கண்டித்த நடைச் சங்கங்களே பிறகு பக்கம் மாறின. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் தந்தது. அந்தப் பெடியளிடம் நேர்த்தியும் இல்லை, அலுவலும் இல்லை. காற்று வாங்க வேண்டும் என்றார்கள். அதற்காகச் சிறைக்குப் போனார்கள்.

மறுபக்கக் கதையும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் அரைவாசிதான் சொன்னவனாவேன். ஜேர்மனியில் பேர்லினுக்குப் பக்கத்து ஷ்டெக்லிட்ஸ் என்னும் இடத்தில் 1901இல் பாடசாலை மாணவர்களின் நடைச் சங்கம் ஒன்று தொடங்கியது. வண்டர்ஃபோகல் என்று பெயர். முதுகுப் பை, கித்தார், காட்டுப் பாட்டு. பெரியவர்களின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடத்தான் நடந்தார்கள். நாடு முழுவதும் பரவியது. 1933இல் ஹிட்லர் வந்ததும் இப்படியான சுதந்திர இளைஞர் சங்கங்கள் கலைக்கப்பட்டன; பிள்ளைகள் சீருடைக்குள் போனார்கள். உலாவிய கால்கள் அணிவகுத்தன. கூட்டமாக நடப்பவர்களை அணிவகுக்கவைக்க விரும்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள். நம் மண்ணுக்கும் அது தெரியாத விசயமல்ல. அதனால் நம்முடைய நடைக்குக் கொடி வேண்டாம், பனர் வேண்டாம், ஒரே நிற ரீசேட் வேண்டாம், முடிவில் பேச்சும் வேண்டாம். பிரதம விருந்தினர் என்று ஒருவரையும் கூப்பிட வேண்டாம். நான் வந்தால் என்னையும் பேச விடாதேயுங்கோ.

இப்போது நம்முடைய வான் சுற்றுலாவைப் பற்றிக் கொஞ்சம். கோபிக்கக் கூடாது. விடிய நான்கு மணிக்கு வெளிக்கிடுகிறோம். வானுக்குள் ஏறியவுடன் சவுண்ட் பொக்ஸைப் போட்டுவிடுகிறோம். நயினாதீவு, காரைநகர் கசூரினா, கீரிமலை, பருத்தித்துறை வெளிச்சவீடு என்று ஒரே நாளில் குடாநாட்டைச் சுற்றி முடிக்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் அரை மணித்தியாலம். அதில் கால்மணி படம் எடுக்க. சோற்றுப் பார்சலை வானுக்குள்ளேயே பிரிக்கிறோம். இரவு பத்து மணிக்கு வந்து இறங்கும்போது பிள்ளைகளுக்குப் பாட்டுத்தான் ஞாபகம் இருக்கிறது. முழங்கால் நோகிறவர்கள் வானை விட்டு இறங்குவதேயில்லை. நோகாதவர்களும் அதிகம் இறங்குவதில்லை.

நெடுந்தீவுக்குப் போனாலும் இதே கதைதான். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, இறங்கியவுடன் வாகனம் ஒன்றைப் பிடித்துக் குதிரை, பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை என்று ஓடி, திரும்பிப் படகைப் பிடிக்கிறோம். அந்தத் தீவின் அழகு முழுவதும் அதன் ஒழுங்கைகளில் இருக்கிறது. முருகைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையால் காற்று வருகிறது. வாகனத்திலிருந்து பார்த்தால் அது வெறும் கற்குவியல். குமுதினிப் படகைப் பற்றி, 1985 மே 15 அன்று நடுக்கடலில் அதில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமா என்று போனமுறை ஒரு தாய் கேட்டா. சொல்லவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் படகுக்குள் வைத்து அல்ல, மைக் பிடித்தும் அல்ல. ஒழுங்கையில் நடந்துகொண்டு போகும்போது, பிள்ளை கேட்டால், கேட்ட அளவுக்குச் சொல்லவேண்டும். நடையில் இப்படியான கதைகளுக்கு இடம் இருக்கிறது. முகத்துக்கு முகம் பாராமல் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது சொல்வதும் லேசு, கேட்பதும் லேசு. அந்தப் பயணத்தைச் சோளகம் கிளம்புவதற்கு முன், மாசி பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் அந்தக் கடல் பிள்ளைகளோடு போகிற கடலல்ல.

மாத நடைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நான் புவியியல் படிப்பித்தவன். அந்தப் பழக்கதோசத்தில் மூன்று வழி சொல்கிறேன்.

குறுகியது, ஊரெழுப் பொக்கணைக் கிணற்றுக்கு. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக்காரரும் போய் வரலாம். அதற்கடுத்தது கந்தரோடை. இணுவில், உடுவில், சுன்னாகம் என்று உள்ளொழுங்கைகளால் போகலாம். தோட்டத்துக்கு நடுவே சின்னஞ்சிறு குவிமாடங்கள் கூட்டமாக நிற்கின்றன. 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் அங்கே ஆராய்ந்து எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் கந்தரோடையில் அகழ்ந்து, கிறித்துவுக்கு முந்திய காலத்துக் குடியிருப்பை வெளிப்படுத்தினார்கள். அந்த இடம் யாருடையது, பலகையில் என்ன பெயர் எழுதுவது என்று நாம் பேப்பரில் சண்டை பிடிக்கிறோம். சண்டை பிடிப்பவர்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? நாலு கட்டைக்குள் இருக்கிற இடம்.

மூன்றாவது நிலாவரை. இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு. கோப்பாய்ப் பக்கமாகத் திரும்பி, நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டி, சிறுப்பிட்டியால் போனால் நவக்கிரியில் அந்தக் கேணி. இராமர் அம்பு விட்ட கதை எல்லோருக்கும் தெரியும். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்ததாம் என்ற கதையும் தெரியும். பழத்தைப் போட்டுப் பார்த்தவர் எவரென்று கேட்காதேயுங்கோ. ஆனால் கதையைக் கட்டியவர் முட்டாளல்ல. சுண்ணாம்புக் கல் மழைநீரில் கரையும். கரைந்து கரைந்து உள்ளே குகையும் குழாயுமாகப் போகும். சில இடத்தில் கூரை இடிந்து விழும். விழுந்த இடந்தான் நிலாவரை, விழுந்த இடந்தான் பொக்கணை. மழையில் ஊறிய நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கடற்கரையை எட்டிய நன்னீர் கீரிமலையில் ஊற்றாக வெளிவருகிறது. கிணறுகளை மதில் கட்டிப் பிரித்து வைத்திருக்கிறோம். தண்ணீருக்கு மதில் இல்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது, வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனபோது, "அது சுன்னாகத்துப் பிரச்சினை" என்று சொன்ன உரும்பிராய்க்காரரை எனக்குத் தெரியும். நம் தோட்டங்களில் அளவில்லாமல் போடுகிற யூரியாவும் இதே வழியால் அயலூர்க் கிணற்றுக்குப் போகிறது. இதை வகுப்பில் வரைபடம் கீறிக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் சோதனைக்கு எழுதினார்கள், மறந்தார்கள். பொக்கணையிலிருந்து நிலாவரைக்கும், இன்னொரு நாள் நிலாவரையிலிருந்து கீரிமலைப் பக்கத்துக்கும் காலால் நடந்து, வழியில் கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, நாலு இடத்தில் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பார்த்த பிள்ளை மறக்காது. ஒரு ஊரில் இனிப்பு, அடுத்த ஊரில் சவர். நிலாவரைக்குப் போகும்போது நடை, வரும்போது பருத்தித்துறை வீதியில் பஸ்.

வேலிகளையும் பாருங்கள். கிளுவங்கதியாலும் பூவரசும் நின்ற ஒழுங்கைகளில் மதிலும் தகரமும் வந்துவிட்டன. வேலிக்கு மேலால் கதை கேட்ட காலம் போய், நாய் குரைத்தால்தான் உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது. சில ஒழுங்கைகளில் பூட்டிய வீடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆட்கள் ஸ்காபரோவிலும் லண்டனிலும். அவர்களும் அங்கே முதியோர் சங்கத்தில் சேர்ந்து பஸ் பிடித்து நயாகராவுக்குப் போகிறார்கள். குளிர் காலத்தில் கடைத்தொகுதிக்குள் கூட்டமாக நடக்கிறார்கள். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கோயிற் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கூப்பிடாமல் இந்த நடைக்கும் கூப்பிடுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்றால் ஒரு வீடும் ஒரு கோயிலும்தான். இடையிலிருக்கிற தெருவை அவர்கள் காரின் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறார்கள்.

மாதர் சங்கத்துக்குத் தனியாக ஒரு சொல். டொக்டர் நடக்கச் சொன்ன பெண்கள் பலர் நம்மூரில் வளவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். கிணற்றடியிலிருந்து படலை, படலையிலிருந்து கிணற்றடி. வீதியில் இறங்கினால் நாய், மோட்டார்சைக்கிள், அதைவிடப் பெரிதாக வாய்கள். ஒருத்தி தனியாக நடந்தால் ஊர் கேட்கும். பதினைந்து பேர் சேர்ந்து நடந்தால் ஊர் இரண்டு கிழமைக்குக் கேட்கும், மூன்றாம் கிழமை தானும் வரட்டுமோ என்று கேட்கும். ஆகவே முதல் நடையில் முன்னுக்கு நிற்கவேண்டியவர்கள் நீங்கள். ஆண்கள் வேகமாகப் போய் முதலில் சேர்ந்துவிட்டோம் என்று மீசை முறுக்கும் பழக்கம் உடையவர்கள். அவர்களைப் பின்னுக்கு விடுங்கள். எவரின் நடை மெதுவோ அவரை முன்னே விட்டு, கூட்டம் அவருடைய வேகத்துக்குப் போகவேண்டும்.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்து வரட்டும். கடையில் வாங்கி வழியில் எறிகிற போத்தல் வேண்டாம். தொப்பியோ குடையோ. நாய்க்குத் தடி, அடிக்க அல்ல, கையில் இருந்தால் போதும். தை மாசிப் பனியில் ஐந்தரைக்கு வெளிக்கிடலாம். சித்திரையில் ஐந்து மணிக்கு. ஐப்பசி கார்த்திகை மாரியில் ஓய்வு. முடிகிற இடத்தில் பனங்கட்டியும் வெறுந்தேத்தண்ணியும் கிடைத்தால் நல்லது. ஆண்டில் ஒருநாள் ஒடியற்கூழ் காய்ச்சலாம். ஒடியற்கூழுக்கு ஆள் சேர்க்க நான் பேச்சுக் கொடுக்க வேண்டியிராது.

தலைவரிடம் கேளாமல் ஒரு திகதியையும் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் கழிந்து வருகிற முதல் ஞாயிறு, விடிய ஐந்தரை, சந்தியடி. பொக்கணைக்குப் போய் ஏழரைக்குள் திரும்புவோம். பெயர் பதியத் தேவையில்லை, காசு கட்டத் தேவையில்லை. தலைவருக்கு ஆட்சேபனை இருந்தால் நன்றியுரைக்கு முன் எழும்பிச் சொல்லட்டும்.